ஹாம்லெட்டின் பழைய அடிக்குறிப்புகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆய்வேட்டுக்காகவோ, மேடையேற்றவோ, தமிழில் பெயர்க்கவோ நீங்கள் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டைக் கையில் எடுத்திருப்பீர்கள். பழைய பதிப்புகளின் ஸ்கேன் இப்போது போனிலேயே கிடைக்கிறது. திறந்தால் பக்கத்தின் மேலே நாலைந்து வரி நாடகம். கீழே பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக ஒரு சண்டை. அந்தச் சண்டையில் கால் வைத்து வழுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் உழைத்த ஒரு மாணவி வாய்மொழித் தேர்வில் ஒரு குறிப்பைக் காட்டி, “இது ஜான்சன் சொன்னது” என்றாள். குறிப்பின் கடைசியில் ‘ஸ்டீவன்ஸ்’ என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன நல்ல வாதங்கள் எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

உங்களுக்கு அப்படி நேரக் கூடாது. ஒவ்வொரு குறிப்பையும் ஒரு ஆள், ஒரு வருடத்தில், கையில் கிடைத்த சில புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் இன்னொருவரை மறுப்பதற்காக எழுதினார். யார், எப்போது, எதைப் பார்த்து, யாரோடு மோதி என்ற நாலும் தெரிந்துவிட்டால் அந்தப் பொடி எழுத்து உங்களுக்குப் பொக்கிஷம். தெரியாவிட்டால் கண்ணிவெடி. இன்று மாலை உட்கார்ந்தே இதைத் தொடங்கிவிடலாம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் நாடகத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். குறிப்பின் பக்கம் கண்ணே போக வேண்டாம். இது என் யோசனை மட்டும் இல்லை. 1765-இல் எட்டு தொகுதிகளாக ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சனே தம் முன்னுரையில் புதிய வாசகருக்கு இதைத்தான் சொல்கிறார். குறிப்புகள் தேவைதான், ஆனாலும் அவை தவிர்க்க முடியாத ஒரு தொல்லை என்பது அவர் நிலை. குறிப்பு எழுதியே பேர் வாங்கியவர் சொல்வதைக் கேளுங்கள்.

2. மூன்று ஆதி அச்சுகளையும் வருடத்தோடு மனப்பாடம் செய்யுங்கள். எல்லாப் பாடபேதமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1603-இல் வந்த முதல் குவார்ட்டோ, இரண்டாவதன் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல்தான்; அதில் பொலோனியஸுக்குப் பெயரே வேறு, கொராம்பிஸ். 1604-05-இல் வந்த இரண்டாவது குவார்ட்டோதான் மிக நீளமானது. 1623-இல் வந்த ஃபோலியோ அதிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட வரிகளை விட்டுவிட்டு, அதில் இல்லாத சில பகுதிகளைத் தருகிறது. ஃபார்ட்டின்பிராஸின் படையைப் பார்த்த பிறகு ஹாம்லெட் தனியாகப் பேசும் கடைசி நீண்ட உரை ஃபோலியோவில் கிடையாது. அந்த ஒரு உரையை வைத்து அவன் குணத்தை எடைபோடப் போகிறீர்கள் என்றால், எந்த அச்சை வைத்துப் பேசுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

3. குறிப்பைப் படிக்கும் முன் அதன் வருடத்தைப் பாருங்கள். 1603 அச்சின் பிரதி ஒன்று 1823-இல்தான் சர் ஹென்றி பன்பரி என்பவரின் கண்ணில் பட்டது. அதிலும் கடைசித் தாள் இல்லை. 1856-இல் வெளிப்பட்ட இன்னொரு பிரதியில் கடைசித் தாள் இருந்தது, தலைப்புப் பக்கம் இல்லை. உலகில் இருப்பவை இந்த இரண்டும்தான். ஆக, 18-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்களான போப்பும் ஜான்சனும் மலோனும் கொராம்பிஸ் என்ற பெயரை இந்த நாடகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை அவர்கள் ‘கவனிக்கத் தவறினார்கள்’ என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

4. பதிப்பாசிரியர்களின் வரிசையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டுங்கள். நிக்கோலஸ் ரோ 1709. அலெக்சாண்டர் போப் 1725. லூயிஸ் திபால்டு 1733. தாமஸ் ஹான்மர் 1744. வில்லியம் வார்பர்ட்டன் 1747. ஜான்சன் 1765. எட்வர்ட் கேப்பல் 1768. ஜான்சனோடு ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் சேர்ந்தது 1773. எட்மண்ட் மலோன் 1790. மலோன் இறந்த பிறகு இளைய பாஸ்வெல் முடித்து வெளியிட்ட 21 தொகுதிகள் 1821. யார் யாருக்குப் பின்னால் வந்தார் என்பது தெரிந்தாலே பாதிச் சண்டை விளங்கிவிடும்.

5. ஒவ்வொரு குறிப்பின் கடைசிச் சொல்லை முதலில் படியுங்கள். பலர் குறிப்பையும் தொகுக்கும் வேரியோரம் பதிப்புகளில் எழுதியவரின் பெயர் அங்கேதான் இருக்கும். புத்தகத்தின் அட்டையில் மலோன் என்று இருந்தால் உள்ளே எல்லாம் மலோன் எழுதியது ஆகிவிடாது. நான் சொன்ன மாணவி விழுந்த குழி இதுதான்.

6. “இவர் யாரை அடிக்கிறார்?” என்று கேளுங்கள். 1725-இல் போப் தமக்குப் பிடிக்காத வரிகளை ஷேக்ஸ்பியருடையவை இல்லை என்று சொல்லிப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினார். எல்லா நாடகங்களிலும் சேர்த்து சுமார் 1,560 வரிகள். பிடித்த வரிகளுக்கு ஓரத்தில் குறியிட்டார். அடுத்த வருடமே திபால்டு ஒரு தனிப் புத்தகம் போட்டார். போப் செய்த தவறுகளைத் திருத்துவதே அதன் வேலை என்று தலைப்பிலேயே அறிவித்தார். அதன் பெரும்பகுதி ‘ஹாம்லெட்’ பற்றியது. ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரின் சொற்களை வரிவரியாக ஆராய்ந்த முதல் முழுநீள முயற்சி என்றே அதைச் சொல்லலாம். போப் பொறுக்கவில்லை. 1728-இல் ‘டன்சியட்’ என்ற அங்கதக் காவியத்தில் திபால்டையே மூடர்களின் தலைவனாக்கினார். அந்தக் காவியம் நிலைத்ததால் திபால்டு மந்தமானவர் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. அவருடைய பதிப்பைத் திறந்து பாருங்கள்: பழைய சொல் ஒன்று வந்தால் அதே காலத்து வேறு நாடகங்களில் அது எப்படிப் புழங்கியது என்று தேடிக் காட்டுகிறார். இன்றைய பதிப்பாசிரியர்கள் போகும் வழி அவர் போட்டது. கவிஞரின் கோபத்தை நம்பி அவரை ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு.

7. ஒரே ஒரு சொல்லை எடுத்து அதன் வழக்கை ஆதிமுதல் கடைசிவரை தொடருங்கள். இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒஃபீலியாவின் குழியருகே ஹாம்லெட் லேயர்டீஸிடம், உன் துயரத்துக்கு நீ எதைச் செய்வாய் என்று சவால் விடுகிறான். எதையோ குடிப்பாயா, முதலையைத் தின்பாயா என்று கேட்கிறான். குடிக்கச் சொல்வது எதை? இரண்டாவது குவார்ட்டோவும் ஃபோலியோவும் தரும் சொல் கிட்டத்தட்ட ‘ஈசில்’. ஃபோலியோ அதை ஊர், ஆறு பெயர்களுக்குப் போடுவது போலச் சாய்வெழுத்தில் அடித்திருக்கிறது. திபால்டு இரண்டு வழியையும் சொன்னார்: ஒன்று, ஐசல் என்ற ஆறு, இல்லையென்றால் புளிக்காடியைக் குறிக்கும் ‘ஐசல்’ என்ற பழைய சொல். ஹான்மருக்குப் பொறுமை இல்லை. முதலை பக்கத்திலேயே வருகிறதே, நைல்தான் என்று ‘நைல்’ என்றே அச்சடித்துவிட்டார். ஸ்டீவன்ஸ் ஆற்றின் பக்கம் நின்றார். காடி குடிப்பதில் என்ன வீரம், ஆற்றையே குடித்து வற்றடிப்பதல்லவா சவால் என்பது அவர் கேள்வி. மலோன் காடியின் பக்கம். ஷேக்ஸ்பியரின் 111-ஆம் சானட்டில் அந்தப் பழைய சொல் காடி என்ற பொருளிலேயே வருகிறது. இன்று பெரும்பாலான பதிப்புகள் காடியையே ஏற்கின்றன. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது: மனம் கசந்தவன் கசப்பும் புளிப்புமான ஒன்றைக் குடிக்கச் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் ஸ்டீவன்ஸின் கேள்வி பலவீனமானது இல்லை. நீங்கள் காடி என்று பெயர்த்தால் அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

8. ஊரே மெச்சிய திருத்தத்தையும் அச்சோடு ஒப்பிடுங்கள். செத்த நாயில் வெயில் பட்டால் புழு உண்டாவதைப் பற்றி ஹாம்லெட் பொலோனியஸிடம் பேசும் இடத்தில் குவார்ட்டோவிலும் ஃபோலியோவிலும் இருப்பது ‘நல்ல’ என்ற பொருள்படும் ‘குட்’. வார்பர்ட்டன் ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அதைக் ‘கடவுள்’ ஆக்கினார், பிணத்தை முத்தமிடும் சூரியதேவன் என்று. பல இடங்களில் வார்பர்ட்டனைக் கண்டித்த ஜான்சன் இந்தத் திருத்தத்தை வானளாவப் புகழ்ந்தார். அழகான திருத்தம்தான். ஆனால் இரண்டு அச்சும் ஒன்றுபோலச் சொல்வதை மாற்ற அழகு மட்டும் போதுமா என்று பின்வந்தவர்கள் கேட்டார்கள். பதிப்பாசிரியர்கள் இன்றும் இதில் இரண்டு கட்சி.

9. பெண்கள் எழுதியதைத் தேடி எடுங்கள். பதிப்பாசிரியர் வரிசையில் அவர்கள் இல்லை, விவாதத்தில் இருந்தார்கள். சார்லட் லெனக்ஸ் 1753-இல் ஷேக்ஸ்பியரின் கதைமூலங்களைத் தொகுத்து, சாக்சோ கிராமட்டிகஸ் எழுதிய டென்மார்க் கதையோடு ‘ஹாம்லெட்’டை ஒப்பிட்டார். மூலக்கதையில் நாயகன் பழிவாங்கிவிட்டு உயிரோடு இருக்கிறான் என்பதை அவர் லேசில் விடவில்லை. ஷேக்ஸ்பியரை வசைபாடிய பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை மறுத்து எலிசபெத் மாண்டகு 1769-இல் ஒரு நூலே எழுதினார். ஒஃபீலியாவுக்காக வாதாட வேண்டுமானால் 1832-இல் வந்த ஆனா ஜேம்சனின் புத்தகத்தைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

10. ஃபர்னஸின் 1877 பதிப்பை இன்றே இறக்கி வையுங்கள். அமெரிக்கரான ஹொராஸ் ஹோவர்ட் ஃபர்னஸ் அதுவரை நடந்த விவாதங்களை இரண்டு தொகுதிகளில் சுருக்கித் தந்திருக்கிறார். முதல் தொகுதியில் நாடகமும் பாடபேதங்களும் உரைகளும். இரண்டாவதில் முதல் குவார்ட்டோவும் விமர்சனங்களும். காப்புரிமை முடிந்த புத்தகம், காசு வேண்டாம். ஆனால் அவர் தருவது சுருக்கம். மேற்கோள் காட்டும் முன் மூலப் பதிப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நாலு பழைய பதிப்பு ஒன்றுபோலச் சொன்னால் நாலு சாட்சி என்று எண்ணாதீர்கள். ரோ எடுத்துக்கொண்டது 1685-இல் வந்த நாலாவது ஃபோலியோ. அது முந்தைய ஃபோலியோக்களின் மறு அச்சு. போப் ரோவின் பிரதிமேல் திருத்தினார், திபால்டு போப்பின் பிரதிமேல். இப்படி ஒருவர் தாளில் அடுத்தவர் எழுதிக்கொண்டே போனார்கள். குடம்தான் நாலு; தண்ணீர் ஒரே கிணறு. இந்தச் சங்கிலியை அறுத்தவர் கேப்பல். பழைய குவார்ட்டோக்களைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அடியிலிருந்து பாடத்தைக் கட்டினார். அவர் சேகரிப்பு இன்று கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அவருடைய பத்துத் தொகுதிகளில் குறிப்புகளே கிடையாது. அவை பல வருடம் கழித்துத் தனியாக வந்தன. அதனால் அவர் உழைப்பைப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பெயரைச் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

2. உவமை ஒட்டவில்லை என்றவுடன் சொல்லை மாற்றாதீர்கள். நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற தனியுரையில் துன்பக் கடலுக்கு எதிராக ஆயுதம் எடுப்பது பற்றி வருகிறது. கடலோடு யாராவது வாளால் போரிடுவார்களா? போப் அந்த இடத்தில் ‘கடல்’ என்பதற்கு ‘முற்றுகை’ என்று இருக்கலாமோ என்று குறிப்புப் போட்டார். வார்பர்ட்டன் ‘தாக்குதல்’ என்ற பொருளில் வேறொரு சொல்லைக் கொண்டுவந்தார். திபால்டுக்கும் சபலம் வந்தது. ஆனாலும் ஷேக்ஸ்பியர் உவமைகளை இப்படிக் கலந்து எழுதுகிறவர்தான் என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. அச்சுகள் கடல் என்றுதான் சொல்கின்றன. கெல்ட் இன மக்கள் ஆயுதத்தோடு அலைகளை எதிர்த்ததாகப் பழைய கிரேக்க நூல்களில் செய்தி உண்டு. வெல்ல முடியாததோடு மோதும் மனத்துக்குக் கடலைவிடப் பொருத்தமாக எது வரும்? ஜான்சன் தம் முன்னுரையில் இதை ஒத்துக்கொள்கிறார்: ஊகத்தில் பழகப் பழகத் தம் ஊகத்தின்மேல் நம்பிக்கை குறைந்தது என்று.

3. அங்கப் பிரிவை ஷேக்ஸ்பியர் போட்டதாக எழுதாதீர்கள். குவார்ட்டோக்களில் பிரிவே இல்லை. ஃபோலியோ இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி வரை குறித்துவிட்டு நிறுத்திவிடுகிறது. நாலாம் அங்கம் தொடங்கும் இடத்தில் கதை அறுபடவே இல்லையே என்று ஜான்சனே முறையிட்டிருக்கிறார். ‘நாலாம் அங்கத்தின் அமைப்பு’ என்று அத்தியாயத் தலைப்பு வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

4. ஓரத்தில் பழைய மையில் இருப்பதெல்லாம் பழையது என்று நம்பாதீர்கள். 1852-இல் ஜான் பெய்ன் காலியர், 1632-இன் இரண்டாம் ஃபோலியோ பிரதி ஒன்றில் ஆயிரக்கணக்கான பழங்காலத் திருத்தங்கள் இருப்பதாக அறிவித்தார். அவரோ மதிக்கப்பட்ட அறிஞர். 1859-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பரிசோதித்தபோது மைக்கு அடியில் புதிய காலத்துப் பென்சில் எழுத்து தெரிந்தது. அதற்கும் முன்னால் 1790-களில் வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞன், ‘ஹாம்லெட்’டின் சில துண்டுகள் உட்பட, ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகளையே போலியாக உண்டாக்கிப் பெரிய மனிதர்களை ஏமாற்றினான், 1796-இல் மலோன் ஒரு முழுப் புத்தகம் எழுதி அதை உடைத்தார். உண்மையான ஓரக்குறிப்பும் உண்டு. 1598-இல் வந்த சாசர் பதிப்பு ஒன்றில் ஷேக்ஸ்பியர் காலத்து அறிஞர் கேப்ரியல் ஹார்வி, அறிவு முதிர்ந்தவர்களுக்கு ‘ஹாம்லெட்’ பிடிக்கிறது என்ற கருத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த நாடகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய விமர்சனங்களில் ஒன்று அது. ஆனால் அதை எழுதிய வருடம் பற்றியே இன்னும் வாதம் நடக்கிறது. தேதியை உறுதியாகப் போடாதீர்கள்.

5. ஸ்டீவன்ஸ் பதிப்பில் ஆம்னர், காலின்ஸ் என்ற பெயர்களைக் கண்டால் அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். இரண்டு நிஜப் பாதிரியார்களின் பெயரில் ஆபாசமான குறிப்புகளை எழுதிச் சேர்த்தவர் ஸ்டீவன்ஸ்தான். அபாரமான படிப்பாளி, நம்பவே முடியாத துணை. அவர் குறிப்பை இன்னொருவரோடு ஒத்துப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

6. ‘ஹாம்லெட் ஏன் தாமதிக்கிறான்’ என்பதைக் கவிஞர் கோல்ரிட்ஜ் தொடங்கிய கேள்வியாக எழுதாதீர்கள். 1736-இலேயே பெயர் போடாத ஒரு சிறுநூல் இதைக் கேட்டுவிட்டது. அதன் பதில் எளிமையானது: உடனே கொன்றிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த நூலை ஹான்மர் எழுதியதாகச் சொல்வது உண்டு, அதுவும் சர்ச்சைக்குரியது. கேள்வி மேடையிலிருந்து ஹாம்லெட்டின் மனத்துக்குள் நகர்ந்தது பின்னால்தான். 1780-இல் ஹென்றி மெக்கன்சி அவனுடைய மெல்லிய உணர்ச்சியைக் காரணம் காட்டினார்.

7. கிளாடியஸ் பிரார்த்திக்கும் காட்சியை ஒரே விமர்சகரோடு முடிக்காதீர்கள். இப்போது கொன்றால் சொர்க்கம் போய்விடுவான், பாவத்தில் இருக்கும்போது கொன்று நரகத்துக்கு அனுப்புவேன் என்று ஹாம்லெட் வாளை உறையில் போடுகிறான். படிக்கவே கூசும் பேச்சு என்று ஜான்சன் நடுங்கினார். கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் ரிச்சர்ட்சன், அவன் வாயால் சொல்லும் காரணம் உண்மைக் காரணம் இல்லை என்றார். கோல்ரிட்ஜும் ஜான்சனைத் திருத்தினார்: இது கொடூரம் இல்லை, தள்ளிப்போடச் சாக்கு. நான் ஜான்சனைக் கைவிட மாட்டேன். அவர் அந்தச் சொற்களை அப்படியே நம்பியதால்தான் அவை எவ்வளவு பயங்கரமானவை என்று அவருக்குத் தெரிந்தது. சாக்கு என்று தெரிந்தவர்களுக்கு அந்த நடுக்கம் போய்விடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.

8. வால்டேரின் வசையை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். குடிகாரக் காட்டுமிராண்டி எழுதியது போல் இருக்கிறது என்ற கருத்தில் அவர் சொன்னது உண்மை. அதே இடத்தில் தந்தையின் ஆவி வரும் காட்சியை அவர் பெரிதும் பாராட்டினார். அதற்கு முன், 1730-களில், புகழ்பெற்ற தனியுரையைப் பிரெஞ்சுச் செய்யுளில் தந்தவரும் அவர்தான்.

9. கதேயின் நாவலில் பாத்திரம் சொன்னதைக் கதேயின் கட்டுரை போல எடுத்தாளாதீர்கள். பெரிய கடமையைச் சுமக்க முடியாத மென்மையான ஆத்மா என்ற புகழ்பெற்ற விளக்கம் 1795-96-இல் வந்த ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ நாவலில் வருகிறது. சொல்பவன், அந்த வேடத்தையே கட்டப்போகும் இளைஞன்.

10. ஸ்கேனிலிருந்து காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டு அச்சில் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும். கம்ப்யூட்டர் தப்பாகப் படித்துத் தள்ளும். பார்த்து, கையால் அடியுங்கள்.

11. மொழிபெயர்க்கும்போது பாடத்தை ரகசியமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் தனியுரையில் தன் உடல் உருகிப் போகக் கூடாதா என்று ஹாம்லெட் ஏங்குகிறான். எப்படிப்பட்ட உடல்? ஃபோலியோ ‘சாலிட்’, அதாவது திண்மையானது என்கிறது. பழைய பதிப்பாசிரியர்கள் அதோடு போனார்கள். இரண்டு குவார்ட்டோக்களும் ‘சாலீட்’ என்கின்றன. அது ‘சல்லீட்’, அதாவது கறைபட்டது என்பதன் வேறு எழுத்து வடிவம் என்று 20-ஆம் நூற்றாண்டில் டோவர் வில்சன் வலுவாக வாதிட்டார். ஆங்கிலத்தில் ஒலி நெருக்கத்தால் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டும். தமிழில் ‘திண்ணிய உடல்’, ‘கறைபட்ட உடல்’ என்று எழுதிவிட்டால் திரும்ப வழியில்லை. ஒன்றை எடுங்கள், அதே பக்கத்தின் அடியில், எந்த அச்சைப் பின்பற்றினீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதி, உங்கள் பெயரையும் வருடத்தையும் போட்டுவிடுங்கள்.